நெரீனா வெனிசில் வழி தவறியது

வெனிசில் பிறந்தவர்களுக்கு அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கத் தெரியாது. அது வெளியூர்க்காரர்களின் தொழில். நெரீனா அங்கே பிறந்து, படித்து, ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு, கல்யாணம் ஆகும்வரை அங்கேயே இருந்தவள். பெரிய சதுக்கத்து மணிக்கோபுரத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கொண்டோலாப் படகில் காசு கொடுத்து உட்கார்ந்ததில்லை. அவளுடைய அப்பா படகுப் பேருந்தில் கயிறு வீசும் வேலையில் இருந்தார். ஒவ்வொரு துறையிலும் கயிற்றை வீசி, படகை இழுத்துக் கட்டி, சனங்களை இறக்கி ஏற்றி, மறுபடி அவிழ்க்க வேண்டும். ஆயுள் முழுக்கப் பெருங்கால்வாயில் மேலும் கீழும் போய்வந்த அந்த மனிதர், இரு கரையிலும் நிற்கும் அரண்மனைகளைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து, அவற்றின் நிழலில் குளிர் ஜாஸ்தி என்பதுதான்.

இப்படிப்பட்டவளைப் போன நவம்பரில் அவள் கணவன் ஒரெஸ்தே வெனிசைச் சுற்றிக் காட்ட அழைத்துக்கொண்டு போனான்.

ஒரெஸ்தே டூரின்காரன். லிப்ட் கம்பெனியில் வேலை. இளைஞனாக இருந்தபோது நெரீனா வேலை பார்த்த ஹோட்டலுக்கு லிப்ட் பொருத்த வந்தான். வெனிசில் லிப்ட் என்பது அன்றைக்கு ஓர் அதிசயம். அதோடு சேர்ந்து தரைக்குள்ளிருந்து தலை, தோள், இடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்த இளைஞனும் அதிசயமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. கல்யாண விருந்தில் இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு அவன் எழுந்து நின்று, "ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துடுவோம், சத்தியம்" என்றான். விருந்துக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. பேசியவன் அதை அடுத்த நாளே மறந்துவிட்டான். நெரீனா மட்டும் மறக்கவில்லை.

டூரினில் ஏழாவது மாடியில் குடியிருந்தார்கள். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது உப்பைப் பற்றியதோ அவனுடைய அம்மாவைப் பற்றியதோ, கடைசியில் அவள், "எனக்கு ஊர் இருக்கு, வீடு இருக்கு" என்பாள். அதோடு சண்டை தீர்ந்துவிடும். அவன் எழுந்துபோய் பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

வீடு இருந்தது உண்மைதான். கஸ்தெல்லோ பகுதியில் ஒரு குறுகிய சந்தில், கீழ்த்தளம் ஈரமாக, மேலே இரண்டு மாடி. அம்மா இறந்தபின் தம்பி தனீலோ அதைப் பூட்டிவிட்டு, முழங்கால் வலியையும் பிள்ளைகளையும் காரணம் சொல்லி, கடலுக்கு அந்தப் பக்கம் கார் ஓடும் ஊரில் குடியேறிவிட்டான். "மேல்மாடி உனக்குத்தான் நெரீ, எப்ப வேணா வா" என்று சொல்லியிருந்தான். எப்போது என்பதை அவள்தான் ஆண்டுதோறும் தள்ளிவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரெஸ்தே அந்த ஆண்டு வசந்தத்தில் ரிட்டயர் ஆனான். நவம்பரில் ஒருநாள், இரண்டு ரயில் டிக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "வெனிஸ். சலூத்தே மாதா கோயில் திருநாளுக்கு. எல்லாரும் போற மாதிரி நாமளும் போய்ச் சுத்திப் பார்க்கறோம். எங்க தங்கறோம்கறது மட்டும் ரகசியம்" என்றான். வாக்கைக் காப்பாற்றத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறான் என்று நெரீனா நினைத்தாள். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க ஒரு டேப்பைக் கைப்பையில் ரகசியமாக வைத்துக்கொண்டாள். சிறந்த தம்பதிகளிடம் இந்த ஒற்றுமை உண்டு: ஒரே சமயத்தில் இருவரும் ரகசியம் வைத்திருப்பார்கள், வேறுவேறாக.

ரயில் கடல்மேல் போட்ட நீண்ட பாலத்தில் ஏறியதும் ஒரெஸ்தே வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தான்.

"நெரீ, கேளு. இந்த ஊர்ல நானூறு பாலத்துக்கு மேல இருக்காம்."

"அப்படியா."

"ஊரே மரக்கட்டைமேல நிக்குது. சேத்துக்குள்ள லட்சக்கணக்குல அடிச்சு எறக்கியிருக்கான். காத்து படாததால அழுகவே இல்லையாம்."

"எங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க."

"இதுல இன்னும் விவரமா போட்டிருக்கு" என்று அவன் பக்கத்தைப் புரட்டினான்.

படகுப் பேருந்தில் கயிறு பிடித்திருந்தவள் ஒரு பெண். நெரீனாவுக்கு அது பிடித்திருந்தது. ஊர்ப் பேச்சில், "எங்கப்பாவும் இந்த வேலைதான் பார்த்தாரு, இதே லைன்ல" என்றாள். அந்தப் பெண் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரம் வைத்த பெட்டியைத்தான் பார்த்தாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில், பெட்டியை உள்ளே வைக்கும்படி சொன்னாள். நெரீனா பெட்டியை உள்ளே வைத்தாள்.

இறங்கியதும் ஒரெஸ்தே போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். முதல் பாலத்தில் பெட்டியைப் படிப்படியாகத் தூக்கினான். இரண்டாவதில் மூச்சு வாங்க நின்றான்.

"இவ்வளவு பெரிய ஊரு. ஒரு பாலத்துக்காவது லிப்ட் வெச்சானா?"

"தூக்கத் தெரிஞ்சவங்க ஊரு இது."

"அதான் எல்லாரும் முட்டி வலிச்சு ஓடிட்டானுங்க."

போன் அவனைத் தவறான சந்துகளில் கொண்டுபோய்விட்டது. அவள் வாய் திறக்காமல் பின்னால் போனாள். எங்கே போகிறான் என்று தெரியாவிட்டாலும், போகும் பக்கம் அவளுக்குத் தெரிந்த பக்கமாக இருந்தது. மீன்கடை இருந்த முனை. பிறகு கிணறு வைத்த சின்னச் சதுக்கம். அதற்குப் பிறகு வரும் சந்துக்குள் அவன் திரும்பியபோது அவள் கைப்பையிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரெஸ்தே ஒரு கதவின் முன்னால் நின்றான். கதவுப் பக்கத்தில் எண் பொத்தான்கள் வைத்த சின்ன இரும்புப் பெட்டி. போனைப் பார்த்து அழுத்தினான். பெட்டி வாய் திறந்து சாவியைக் கொடுத்தது.

உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. அம்மா பாத்திரம் கழுவிய பளிங்குத் தொட்டி இருந்த இடத்தில் காபி மெஷின். சுவரில் கொண்டோலா படம். அந்த வீட்டில் வாழ்ந்த எவரும் தன் சுவரில் அதை மாட்டியிருக்க மாட்டார்கள். சமையலறையில் நான்கு மொழிகளில் ஒரு வாசகம்: உள்ளூர்க்காரரைப் போல வாழ்ந்து பாருங்கள்.

"எப்பிடி?" என்றான் ஒரெஸ்தே. கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் நல்லவன், அதில் சந்தேகம் வேண்டாம்.

"இது எங்க வீடு."

"அதான் விஷயமே! உன் வீட்லயே வந்து தங்கறோம். தனீலோவும் நானும் சேர்ந்து பண்ண ஏற்பாடு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

"எப்பலேர்ந்து இது இப்படி?"

"ஈஸ்டர்லேர்ந்து. ஒரு ஏஜென்சிகிட்ட விட்டிருக்கான். வாராவாரம் ஆள் வருதாம். சும்மாதானே பூட்டிக் கெடந்தது? என்ன செய்யலாம்னு போன் பண்ணிக் கேட்டான்."

"யாரை?"

"என்னைத்தான்."

"நீ என்ன சொன்ன?"

ஒரெஸ்தே படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். "நெரீ பேசுவா, ஆனா வரமாட்டான்னு சொன்னேன். தப்பா?"

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"உன்னைக் கேட்டா நீ வரேன்னு சொல்லியிருப்ப."

இந்தப் பதிலில் ஒரு ஓட்டையும் இல்லை என்பதுதான் அவளுக்கு எரிந்தது. போய் ஜன்னலைத் திறந்தாள். இரண்டு கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் எதிர்வீட்டு ஜன்னல். அதில் ஒரு தலை தோன்றி, மனப்பாடம் செய்த கொச்சை ஆங்கிலத்தில் கத்தியது: சத்தம் கூடாது, பெட்டியை உருட்டக் கூடாது, குப்பையைக் காலையில்தான் வைக்கணும், இது ஹோட்டல் இல்லை, மனுஷங்க இருக்கிற இடம்!

"வாந்தா" என்றாள் நெரீனா. "கத்தாதடி. நான்தான்."

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் வாந்தா. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கிழவி, நீயா? எவளோ வாடகைக்கு வந்த சனியன்னு நெனச்சேன்."

"வாடகைக்குத்தான் வந்திருக்கேன்."

வாந்தா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "நாளைக்கு மதியம் என் வீட்ல சாப்பாடு. கஸ்த்ரதீனா கொதிக்குது. உன் தம்பியும் வரான். உன் எஞ்சினியரையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். புகையில் உலர்த்திய ஆட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வேகும் வாசனை சந்து முழுக்க நின்றது. சலூத்தே திருநாளுக்கு மட்டும் வைக்கிற சூப் அது.

நெரீனா தம்பிக்குப் போன் செய்தாள். திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். தனீலோ பேச விடவில்லை.

"நெரீ, திட்டு, வேணாம்கல. ஆனா நான் ஒவ்வொரு வருஷமும் கேப்பேன், எப்ப வரன்னு. இந்த வருஷம் இல்லம்ப. கூரை அதுமாதிரி ஒழுகறதைத் தள்ளிப்போடுமா? கீழ்த்தளத்துல தண்ணி ஏறினப்ப நான் ஒத்தை ஆளா வாளியோட நின்னேன். நீ போன்ல அழுத."

"என் வீடும்தானேடா அது."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். ஏஜென்சிக்காரன் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் கேக்கறான். நீங்க ரெண்டு பேரும் வந்து இருக்கறதா இருந்தா, அவனை நிறுத்திட்டு மேல்மாடியைக் காலி பண்ணித் தரேன். கீழயும் எடுத்துக்கோ. நாளைக்கு வாந்தா வீட்ல பார்க்கறப்ப சொல்லிடு. ஆமாவா, இல்லையா. இன்னொரு 'அப்புறம்' வேணாம் எனக்கு."

அவ்வளவுதான். நாற்பது ஆண்டுக் கேள்விக்கு ஒரு மதியச் சாப்பாடுவரை அவகாசம்.

அன்று மாலை, அம்மாவின் சமையலறையில், நெரீனா கணவனிடம் நேராகக் கேட்டாள், இங்கே வந்துவிடலாமா என்று. ஒரெஸ்தே கோபப்படவில்லை.

"நெரீ, நீ இந்த ஊர்க்காரி இல்ல. இருந்த. இப்ப நீயும் என்னை மாதிரிதான். கயிறு புடிக்கறவ உன்கிட்ட இங்கிலீஷ் பேசறா."

"கண்ணைக் கட்டி விட்டாலும் நான் இந்த ஊர்ல வழி தவற மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் ஆயுசு பூரா லிப்டைச் சோதிச்சவன். வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டதில்ல." கொஞ்சம் யோசித்தான். "சரி. நாளைக்குக் காலையில இங்கேர்ந்து சலூத்தே கோயிலுக்கு நீ கூட்டிட்டுப் போ. போனைப் பார்க்கக் கூடாது. யார்கிட்டயும் வழி கேக்கக் கூடாது. ஒரு இடத்துலயும் திரும்பி வரக் கூடாது. நேரா கொண்டுபோய் நிறுத்திட்டீன்னா, தனீலோகிட்ட நானே சொல்றேன், வந்துடறோம்னு. நிறுத்தலைன்னா இந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பாள். ஒரெஸ்தே சோதனை விஷயத்தில் விளையாட மாட்டான். புதிதை விற்க நினைத்த முதலாளி தடுத்தும் நல்ல லிப்டுக்கு நல்லது என்று எழுதியவன். முதலாளி கெஞ்சியும் கெட்டதற்குக் கெட்டது என்று எழுதியவன். சொன்னால் செய்வான். அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். உள்ளே சிரிப்பாக வந்தது. அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்: சலூத்தே அன்று காலையில் வெனிஸ்காரன் ஒவ்வொருவனும் அந்தக் கோயிலுக்குத்தான் போகிறான். பெருங்கால்வாயின் குறுக்கே அந்த நாட்களுக்கென்று ஒரு தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊர் முழுக்க அதை நோக்கி நடக்கும். பிறவிக் குருடனும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

காலையில் மெல்லிய மூடுபனி. கல் வழியெல்லாம் ஈரம். நெரீனா வாசலைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பினாள். அதன்பின் அவள் யோசிக்கவில்லை, கால்கள்தான் போயின. தாழ்வான வளைவுக்குள் தலை குனிந்தாள், பின்னால் வந்தவன் இடித்துக்கொண்டான். பூட்டிய பள்ளிக்கூடம். அடுத்து முகமூடி விற்கும் கடை. முன்பு அது பால்கடை. அதற்கடுத்ததும் முகமூடி, முன்பு அது ஆணி, திருகு விற்ற கடை. கடைகள் மாறினாலும் மூலைகள் மாறவில்லை. கால்களுக்கு மூலைகள்தான் வேண்டியிருந்தன.

ஒரெஸ்தே பத்து நிமிடம் திருப்பங்களை எண்ணிக்கொண்டே வந்தான். பிறகு, "அடேங்கப்பா" என்றான். அதற்கப்புறம் அவனுக்குள் ஏதோ மாறியது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சில ஆண்களுக்கு முகம் கறுக்கும். ஒரெஸ்தேக்கு மலர்ந்தது.

"நெரீ, நான் யோசிச்சேன். வந்துட்டா முதல் வேலையா அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியை மாத்தணும். ஆடுது."

"ம்."

"கீழ்த்தளத்துல எனக்கு ஒரு பட்டறை போட்டுக்கறேன். ஈரத்துக்கு ஒரு பம்ப். நானே செஞ்சுடுவேன். சின்னதா ஒரு லிப்ட் கூட வைக்கலாம், ஒரு ஆள் நிக்கற மாதிரி. வாந்தா வீட்டுக்கும் சேர்த்து."

"வாந்தாவுக்கு லிப்ட் எதுக்கு?"

"வயசாகுதுல்ல. காலையில ரெண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட் போவோம். சாயந்தரம் அந்த ஜன்னல்ல உக்காந்து காபி குடிப்போம். உன் சிநேகிதியை நான் கொஞ்சம் பேச்சுக் குறைக்கச் சொல்றேன். படகு ஓட்டவும் கத்துக்கறேன், என்ன?"

நெரீனாவின் நடை தளர்ந்தது. அந்த ஜன்னலை அவளுக்குத் தெரியும். டூரினின் ஏழாவது மாடியில் தூக்கம் வராத வேளைகளிலெல்லாம் அவள் அந்த ஜன்னலில்தான் போய் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் ஒரு கோப்பை. எதிரே வாந்தா. கோயில் மணி. சாயங்கால வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஏறி மறையும். நாற்பது ஆண்டாக மாறாத படம். இப்போது அவன் 'உக்காந்து காபி குடிப்போம்' என்றதும், அந்தப் படத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போட முயன்றாள். மேசை சின்னதாகிவிட்டது. படிக்கட்டில் நிறுத்திப் பார்த்தாள், கைப்பிடியை ஆட்டினான். எங்கே வைத்தாலும் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேசையில் ஒரு கோப்பைதான் எப்போதும் இருந்தது. அப்படியானால் அந்தப் படத்தில் ஒரெஸ்தே எங்கே போனான் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஓடிப்போகிற ஆள் இல்லை அவன். விட்டுப்போகிற ஆளும் இல்லை. போகக்கூடிய இடம் ஒன்றுதான் பாக்கி. ஆக, வெறுப்பு ஏதும் இல்லாமல், கோபம்கூட இல்லாமல், இந்த மனிதனை அவள் நாற்பது ஆண்டாகப் புதைத்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு சலூத்தேக்கும் தனீலோவிடம் சொல்லி, ஒரெஸ்தே பெயரில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றச் சொல்வாள். அந்தக் கோயிலில் மக்கள் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் உள்ளவர்களுக்கு நீண்ட ஆரோக்கியம். வேண்டுதல் பலித்திருந்தது. அவன் பாலத்துக்குப் பாலம் உற்சாகமாக ஏறிக்கொண்டிருந்தான்.

அகலமான கடைத்தெருவுக்கு வந்தபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கியவர்கள், கைத்தடிக்காரர்கள், ரோமக் கோட்டுப் போட்ட பெண்கள், எல்லாரும் ஒரே பக்கம். நேராகப் போய் ஒரு சின்னப் பாலம் ஏறி இறங்கி, அடுத்து இடது பக்கம் அந்தத் தற்காலிகப் பாலம். அவ்வளவுதான் பாக்கி. காலைத் தூக்கி வைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். ஜெயிக்க அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தோற்பதற்குத்தான் முயற்சி வேண்டும்.

"இந்தக் கூட்டம் நகரவே நகராது" என்றாள் நெரீனா. "எனக்குக் குறுக்குவழி தெரியும். வா."

சின்னப் பாலத்துக்கு முன்னாலேயே இடது பக்கம் ஒரு சந்து. அதற்குள் திரும்பினாள். ஒரெஸ்தே பெருமையோடு பின்னால் வந்தான். "பாத்தியா, உள்ளூர்க்காரின்னா இதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. சந்து குறுகியது, ஒரு வளைவு வளைந்தது, பாசி பிடித்த நான்கைந்து படிகளில் முடிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர்.

தண்ணீரில் போய் முட்டுவதைவிடக் கேவலம் வெனிஸ்காரர்களுக்குக் கிடையாது. சந்து முனையில் போய்த் திகைத்து நிற்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தே அவர்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். எதிர்க்கரையில் பெரிய வெள்ளைக் குவிமாடத்தோடு சலூத்தே கோயில் நின்றது. வலது பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தற்காலிகப் பாலத்தின்மேல் ஊரே நடந்துபோய்க்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தது. போகத்தான் வழி இல்லை.

சரக்குப் படகு ஒன்று கடந்துபோனது. ஓட்டியவன் இவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டி, வழி இல்லை, திரும்பிப் போங்க, என்று ஆங்கிலத்தில் கத்தி, கையால் பாலத்தைக் காட்டினான். நெரீனா கையைத் தூக்கி, அதே ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள்.

"அய்யோ நெரீ" என்றான் ஒரெஸ்தே.

அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. அவள் தோளில் கை வைத்தான். "பரவாயில்ல, விடு. எத்தனை வருஷம் ஆச்சு. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. கடைசியில ஒரு திருப்பம். எனக்கே கஷ்டமா இருக்கு, தெரியுமா. நான் பட்டறைக்கு இடம் கூட யோசிச்சு வெச்சுட்டேன்."

அவள் அழுதாள். ஊருக்காக அழுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையைக் கொடுத்தான். பிறகு போனை எடுத்து, மெல்ல, அவளைப் புண்படுத்தாதபடி, வழி பார்த்தான்.

கோயிலில் அவள் ஒரு மெழுகுவர்த்திதான் வாங்கினாள். ஏற்றி வைப்பவரின் கையில் கொடுத்தபோது ஒரெஸ்தே, "யாருக்கு?" என்று கேட்டான்.

"உனக்கு."

"உனக்கும் ஒண்ணு வாங்கேன்."

"எனக்கு எதுக்கு" என்றாள்.

மதியம் வாந்தாவின் மேசையில் நான்கு பேர். தனீலோ அக்காவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான், முகத்தைப் பார்க்காமல். வாந்தா பெரிய பானையை நடுவில் வைத்து அகப்பையை எடுத்தாள்.

"கேக்கலாமா, சாப்பிட்டுட்டுக் கேக்கட்டுமா?" என்றான் தனீலோ.

ஒரெஸ்தே முந்திக்கொண்டான். பந்தயத்தை விவரித்தான், வஞ்சனையில்லாமல். எவ்வளவு தூரம் தடுமாறாமல் வந்தாள், எத்தனை வளைவு, எத்தனை சந்து, தான் மனசு மாறியே போனது, எல்லாம் சொன்னான். "கடைசி நிமிஷத்துல குறுக்குவழின்னு சொல்லி நேரா தண்ணிக்குள்ள கொண்டுபோயிட்டா! எதிர்ல கோயில், இந்தப் பக்கம் பாலம், நாங்க நடுவுல நிக்கறோம்!"

வாந்தாவின் அகப்பை பானைக்குமேல் நின்றது. "எந்தச் சந்து?"

"சின்னப் பாலத்துக்கு முன்னாடி, இடது கைப் பக்கம். முனையில பாசிப் படி."

"அந்தச் சந்தா?" வாந்தா நெரீனாவைப் பார்த்தாள். "கிழவி, அங்கதானடி ஸ்கூல் விட்டதும் நாம போய் உக்காருவோம். உங்கப்பா படகு போறப்ப கை காட்டறதுக்கு. தெனமும் -"

"வாந்தா" என்றான் தனீலோ. "சூப்பு ஆறுது. ஊத்து."

வாந்தா ஊற்றினாள். வாயாடி என்று தெருவே பெயர் வைத்த பெண், அதன்பின் ஒரு சொல் பேசவில்லை. தனீலோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. ஒரெஸ்தே மட்டும் ருசித்துச் சாப்பிட்டான்.

"ஏஜென்சிக்காரனுக்குச் சொல்லிடு" என்றாள் நெரீனா. "எடுத்துக்கட்டும்."

"ஒரு வாரத்தை உங்களுக்காக நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமா? வருஷா வருஷம், சலூத்தேக்கு?" தனீலோ தட்டைப் பார்த்தே கேட்டான்.

"கட்டாயம்!" என்றான் ஒரெஸ்தே. "வருஷா வருஷம் வருவோம். நெரீ, நீ கவலையேபடாத. வழி நான் காட்டறேன்."

வாந்தா சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே சந்தில் யாரோ பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை.

"சரி" என்றாள் நெரீனா. ஒரெஸ்தேயின் தட்டு காலியாக இருந்ததைப் பார்த்து, அகப்பையை எடுத்து, நல்ல துண்டாகத் தேடி அவனுக்குப் போட்டாள்.